சிவப்புத் தீட்டிய வீடு

இயேசு மரி சூசை துணை

மயிலாப்பூர்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் நோராவுக்கு,

மூவுலகும் அஞ்சும் உன் காஸ்பர் சித்தப்பா, கச்சேரி சாலைக்குப் பின்னால் உள்ள தன் அரண்மனையிலிருந்து எழுதுவது. நானும் உன் சித்தி பிரிஸில்லாவும் மாதா புண்ணியத்தில் சுகம். ஹாலிஃபாக்ஸ் பனியில் நீயும் மாப்பிள்ளையும் ஆஸ்வினும் விறைத்துப் போகாமல் இருக்க, உங்கள் பெயரைச் சொல்லாமல் சித்தி ஜெபமாலையைக் கீழே வைப்பதில்லை. அவளுக்கு முழங்கால் வலி, மாடிக்கு ஏறி வந்தால் இமயமலை ஏறியவள் போல அறிக்கை விடுகிறாள். மெட்ரோவுக்காக இங்கே தோண்டிய பள்ளத்தை நேற்று எட்டிப் பார்த்தேன், அடியில் கனடா தெரிந்தது, நீ துணி உலர்த்திக்கொண்டிருந்தாய்.

ஆஸ்வின் பள்ளியில் தன் குடும்பத்து வீரரைப் பற்றிப் பேசப் போகிறான், ஹாலில் மாட்டியிருக்கும் யுத்தகால வரைபடத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். அவன் பேசுவதற்கு முன் இதை முழுசாகப் படி. நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே காலியானபோது என் தாத்தா மட்டும் சாந்தோம் கடற்கரையில் குடையோடு நின்றார், அதைப் பீரங்கி என்று நினைத்து முப்பது கப்பல் திரும்பி ஓடின என்று உனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் சொன்னேன். குடையும் கப்பலும் என் கைச்சரக்கு. ஆனால் தாத்தா ஊரை விட்டு நகரவில்லை என்பதைச் சத்தியமாக நம்பியிருந்தேன். அந்த வரைபடம்தான் சாட்சி. விமானத் தாக்குதலுக்கு முன்னேற்பாடாகத் தெரு வாரியாக அச்சடித்தது, அதில் நம் வீடும் அநேகமாகத் தெரு முழுவதும் சிவப்புப் பென்சிலால் தீட்டியிருக்கும். சிவப்பு என்றால் தங்கியவர்கள் என்று அப்பா சொல்லிக் கொடுத்தார். தெருவே சிங்கங்கள், பக்கத்து வீட்டுச் சூடாமணி மாமியின் வீடு மட்டும் வெள்ளை. அதனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் தட்டை நீட்டி, விமானச் சத்தம் கேட்டால் திண்டிவனத்துக்கு ஓடிவிடாதீர்கள் மாமி என்று நாற்பது வருஷமாகச் சொல்லி வந்தேன். அவர் சிரித்துவிட்டுத் தட்டை முறுக்கோடு திருப்பி அனுப்புவார்.

போன புதன்கிழமை கோட்டூர்புரத்தில் பழைய வரைபடக் கண்காட்சி. கும்பெனிக்காரன் கோட்டை கட்டிய நாளிலிருந்து எல்லாம் இருந்தது. நம் தெருப்படத்தின் இன்னொரு பிரதியும் இருந்தது, நம்முடையதில் இல்லாத அடி ஓரத்தோடு. அங்கிருந்த ஜுவேரியா என்ற பெண், கீழ பாருங்க சார், செவப்புன்னா பூட்டிட்டுப் போன வீடு, சாவி தெருவுக்குக் காவலா இருந்த வார்டன் கிட்ட இருக்கும், இதுல உங்க வீடு எது சார் என்றாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன், அப்போதும் அதேதான் எழுதியிருந்தது. மாமியோ ஞாயிற்றுக்கிழமை அசோக் நகரில் மகன் வீட்டோடு இருக்கப் போவதாக இருந்தது. சொல்லாமல் விட்டால் ஓடியவர் மகள் என்ற பட்டத்தோடு தெருவை விட்டுப் போவார், சொன்னால் என் தாத்தா போவார். அந்தம்மாவை அப்படியே அனுப்புனீங்கன்னா இந்த வீட்ல இனிமே கேக்கே கிடையாது என்று சித்தி சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை போனேன். மாமி பாத்திரங்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். எனக்குத் தெரியுமேடா, எங்கப்பாதானே அந்த வார்டன் என்றார். யுத்தம் முடிந்து அவர் அப்பா கோதண்டபாணி சாவியைத் திருப்பித் தந்தபோது தாத்தா அந்தப் படத்தை ஆசையாகக் கேட்டு வாங்கினாராம். நம் வீட்டுத் திருஇருதயப் படத்தின் பழைய சட்டம் அதற்குச் சின்னது. ஓரத்தை வெட்ட எங்காத்துலதான் கத்திரிக்கோல் வாங்கிண்டு போனார், அப்பாவே எடுத்துக் குடுத்தார் என்றார். பின்னே ஏன் மாமி இத்தனை வருஷம் சொல்லவில்லை என்றேன். உங்கப்பாவுக்கு அப்போ மூணு வயசு, குழந்தையைத் தூக்கிண்டு போனவாளை ஓடினவான்னு வாய் தவறியும் சொல்லப்படாதுன்னு அப்பா சொல்லியிருந்தார் என்றார். ஆள் இல்லாத நம் வீட்டு ஜன்னல்களைத் தினமும் சாயங்காலம் திறந்து காற்று விட்டு, திருஇருதயப் படத்தைத் துடைத்து வைத்ததும் கோதண்டபாணிதானாம். அதுக்காகக் குடைக் கதையை நிறுத்திடாதே, முப்பது கப்பல்தான் கொஞ்சம் கம்மியா இருக்கு என்று மாமியே தேற்றினார்.

ஆகவே மகளே, ஆஸ்வின் கோதண்டபாணியைப் பற்றிப் பேசட்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன என் தாத்தாவையும் கூச்சமில்லாமல் சொல்லட்டும். குல்லா போடாமல் அவனை வெளியே அனுப்பாதே. நீயும் வேளைக்குச் சாப்பிடு.

இன்று காலை மாமி காரில் ஏறும்போது வீட்டுச் சாவியை என் கையில் வைத்து, சாயங்காலம் ஜன்னலைத் திறந்து விடுடா என்றார். வரைபடத்தின் படம் இத்துடன் இருக்கிறது. அதில் ஒரு வீட்டில் மட்டும் சிவப்பு புதிதாகத் தெரியும், சட்டத்தைக் கழற்றி மத்தியானம்தான் தீட்டினேன். மணி ஐந்தாகிறது, நான் அங்கே போக வேண்டும்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன்னை வளர்த்த பாக்கியசாலி,
காஸ்பர் சித்தப்பா