வெட்டிப் போட்ட கேள்விகள்

பிரியமுள்ள சண்முகம் அண்ணனுக்கு,

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. தாராவியில் மழை இன்னும் விட்டபாடில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் ரேடியோ நிகழ்ச்சி பதிவு செய்த உங்கள் பை தைக்கிற கடையை மதினி திறக்கவே இல்லை. சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் திறக்க மனம் வரவில்லை.

நம் நிகழ்ச்சிகள் எல்லாம் இணையத்தில் பத்திரமாக இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் கேட்கிறார்கள், இறக்கி அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள். தோல் வேலை செய்தவர் பேசியதைக் கேட்டு அழுதுவிட்டதாக உல்லாஸ்நகரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல செய்தி இவ்வளவுதான் அண்ணே.

போன வாரம் உங்கள் மகள் காவ்யா வந்தாள். "அத்தை, பப்பா பேசுறது ஒண்ணு அனுப்புங்க. மம்மி ரோஜ் கேக்குறாங்க" என்றாள். மதினி தினமும் கேட்கிறார்களாம். உங்கள் போன்தான் ஆஸ்பத்திரிக்குப் போன டாக்ஸியிலேயே தொலைந்துவிட்டதே. "இத்தனை வருஷ ரேடியோ இருக்கே" என்று பெருமையாகச் சொல்லி லேப்டாப்பைத் திறந்தேன். திறந்த பிறகுதான் உறைத்தது.

முதல் நாளே என்ன சொன்னீர்கள்? "ஏட்டி ஆனந்தி, என் சத்தம் யாருக்கு வேணும்? அவிய பேசட்டும். என் கேள்விய எல்லாம் வெட்டிப் போடு." பேச வருகிறவர்களையும் பழக்கினீர்கள். "ஊர் எதுன்னு கேட்டா பேரை மட்டும் சொல்லாதிய. என் ஊர் இன்னதுன்னு முழுசாச் சொல்லணும்." கேள்வியை எடுத்த பிறகும் பதில் தனியாக நிற்க வேண்டும் என்பதற்காக. நானும் சமர்த்தாக வெட்டினேன். நீங்கள் இருமியதைக்கூட விடவில்லை. மெமரி நிறைந்துவிட்டது என்று வெட்டாத பதிவுகளை அழித்தவளும் நான்தான்.

காவ்யா ஒவ்வொன்றாகக் கேட்டாள். "எல்லாரும் பேசுறாங்க. பப்பா கிதர் ஹை, அத்தை?" பப்பா எங்கே என்கிறாள்.

ஏன் அண்ணே அப்படிச் செய்யச் சொன்னீர்கள்? எடுத்ததற்கெல்லாம் உங்களோடு மல்லுக்கு நிற்பவள், இதற்கு மட்டும் ஏன் தலையாட்டினேன்?

அந்த வாரம் முழுக்க, விக்ரோலி ஆபீசுக்குப் போகிற ரயிலில் எல்லா நிகழ்ச்சியையும் திரும்பக் கேட்டேன். ஒன்றே ஒன்று கிடைத்தது. சைக்கிளில் இட்லி விற்கிறவர் தன் மகன் இறந்ததைச் சொல்கிறார். அவர் குரல் உடைகிற இடத்தில் ஒரு 'ம்'. அவர் பேச்சோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் வெட்ட வராமல் விட்டிருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு ஓடினேன்.

காவ்யா இயர்போனில் இரண்டு தடவை கேட்டாள். "பப்பா இவ்ளோ கம்மியா பேச மாட்டாரு, அத்தை" என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள். மதினி கேட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள்.

அவர்களிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அந்த 'ம்' உங்களுடையதா என்னுடையதா என்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு நானும் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இனிமேல் யார் கேள்வியையும் வெட்ட மாட்டேன் என்று சொல்லலாம். ஆனால் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்? நாம் நிறுத்திய இடத்திலேயே நிகழ்ச்சி நிற்கிறது. என்னால் முடிந்தது ஒன்றுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறப்பேன். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் 'கேள்வி கேட்டவர் சண்முகம்' என்று சேர்ப்பேன். எழுதிப் போட்டால் காவ்யாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால் என் வாயாலேயே சொல்லிப் பதிவு செய்வேன், ஒன்று விடாமல். அவர்கள் கேட்டது உங்கள் குரலை. நான் கொடுக்கப்போவது உங்கள் பேரை மட்டும்தான் அண்ணே.

உங்கள் பேச்சைக் கேட்டுக் கெட்ட தங்கை,
ஆனந்தி