பத்தாவது பாட்டுக்குக் குரல் இல்லை

டேய் குமரா, என் கூடப் பிறந்தவனே,

உன் ஆல்பம் முடிந்துவிட்டது. உன் கூட்டாளி டேவிட் தெப்ராவிலிருந்து வந்து, நம் சாப்பாட்டு மேசையில் ஸ்பீக்கரை வைத்து, முதல் பாட்டிலிருந்து போட்டுக் காட்டினான். அவன் வாசித்த ஸ்டீல் கிதார் நீ கேட்டபடியே குரலுக்குக் குறுக்கே வராமல் ஒதுங்கி நிற்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை இணையத்தில் வெளிவருகிறது. நல்ல செய்திதானே? பிறகு ஏன் இதை எழுத எனக்கு இவ்வளவு நாளாயிற்று?

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் தம்பி செனாய் தொழிற்பேட்டையிலிருந்து வடக்கே சாமான் ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டினான். அமெரிக்கக் கன்ட்ரி ராக் பாணியில் தமிழ்ப் பாட்டுகள் கட்டிப் பாடினான். அவற்றில் குதிரையும் இல்லை, பாலைவனமும் இல்லை. நெடுஞ்சாலை, எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக் காடு, சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தில் நகராத வண்டி வரிசை, வேலை முடிந்தும் வீட்டுக்குப் போக மனமில்லாத ஆண்கள்.

கல்யாண வீட்டில் சித்தப்பா உன்னைப் பிடித்துக்கொண்டது நினைவிருக்கிறதா? "ஏன்டா, நமக்கு உறுமி இருக்கு, தப்பு இருக்கு. ஒனக்கு எதுக்குடா இந்த கௌபாய் பாட்டு?"

"நம்ப தாத்தாவும் எஸ்டேட்டுல மாடு மேய்ச்சவருதான சித்தப்பா. தொப்பி மட்டும்தான் வாங்கல."

"அலமாக், இவன் வாய!" என்று அவரே சிரித்துவிட்டார்.

நீ எதையும் தாளில் எழுதமாட்டாய். முதலில் இசை முழுவதும் பதிவாகிவிட வேண்டும். வரிகள் வண்டி ஓட்டும்போது வரும். கைப்பேசியை நம்பமாட்டாய், பாதிப் பாட்டில் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்துவிடும் என்பாய். அதற்காகவே சட்டைப் பையில் ஒரு சின்ன ரெக்கார்டர். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பொத்தானை அமுக்கிப் பாடிக்கொள்வாய். எல்லாம் மனப்பாடமான பிறகுதான் மைக் முன்னால் வந்து நிற்பாய். ஒன்பது பாட்டுகளை அப்படித்தான் முடித்தாய்.

அன்று காலை டேவிட்டைக் கூப்பிட்டாயாம். "கெடச்சிருச்சுடா. கடைசிப் பாட்டுக்கு வரி முழுசா கெடச்சிருச்சு. வந்து பாடிடறேன்." அதற்குப் பிறகு ஆயர் ஈத்தாமில் வேனை ஓரமாக நிறுத்தியிருக்கிறாய். பூந்தொட்டி விற்கும் கடைக்காரர் ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். மாரடைப்பு என்றார்கள். கைபிரேக்கைக் கூட இழுத்துவிட்டிருந்தாய்.

மருத்துவமனையில் தந்த பையில் உன் கடிகாரம், பணப்பை, ரெக்கார்டர் எல்லாம் இருந்தன. மறுநாள் உன்னைப் பெட்டியில் வைத்தபோது, பிடித்த பொருள் ஏதாவது இருந்தால் கூடவே வைத்து அனுப்புங்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நம் வீடுகளில் எப்போதும் செய்வதுதான். அம்மா உன் வெள்ளைச் சட்டையின் பையைத் தடவிப் பார்த்தார். "இவன் பாக்கெட்டு காலியா இருந்து நான் பாத்ததே இல்ல" என்று ரெக்கார்டரை அதில் வைத்தார். அன்றைக்கு நடந்தவற்றில் அது ஒன்றுதான் சரியாக நடந்ததாக எங்கள் எல்லாருக்கும் தோன்றியது. மின்சுடலைக்கு அப்படியே கொண்டுபோனோம்.

கருமாதி முடிந்த பிறகுதான் டேவிட் கேட்டான். "அக்கா, அந்த ரெக்கார்டர எங்க வச்சிருக்கீங்க? கடைசிப் பாட்டோட வரி அதுலதான் இருக்கு." நான் வாய் திறப்பதற்குள் அம்மா சமையலறையிலிருந்து வந்து நின்றார். அந்த முகத்தை உனக்கு எழுதமாட்டேன்.

அவர்மேல் கோபப்பட முடியுமா, குமரா? கோபப்படாமல் இருக்கவும் என்னால் முடியவில்லை. நாங்கள் ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

குரல் இல்லாத அந்தப் பத்தாவது பாட்டையும் டேவிட் போட்டான். கிதார் தொடங்கியது, டிரம்ஸ் சேர்ந்தது, நீ சேரவேண்டிய இடம் வந்தது. அம்மா தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார். அடுத்த அடிக்கும் காத்திருந்தார். இசை நின்றது.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு ஆண்ட்டி."

"அவன் வரவே இல்லியேப்பா."

டேவிட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் பயந்துகொண்டிருந்ததைச் சொல்லிவிட்டான். "ஒரு வழி இருக்கு ஆண்ட்டி. மத்த பாட்டுல அவன் குரல் இருக்குல்ல, அத கம்ப்யூட்டருக்குக் குடுத்தா கத்துக்கும். வேற வரி எழுதுனா அவன் குரல்லயே பாடும்லா."

நான் வேண்டாம் என்றேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு வாட்டிடி. நான் தொலைச்சத ஒரு வாட்டி கேட்டுக்கறேன்." கல்லூரியில் இலக்கியம் படித்தவள் நான்தானே; வரிகளை நானே எழுதினேன். இசைக்குச் சரியாகவே உட்கார்ந்தன. நீ பார்த்திருந்தால், "அக்கா, இது பாட்டா, பொங்கல் வாழ்த்தா?" என்று கேட்டிருப்பாய்.

டேவிட் அதைச் செய்து கொண்டுவந்தான். உன் குரல் பாடியது. அம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு கேட்டார். பாதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மூச்சே விடாம பாடறான்டி."

ஆமாம். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நீ இழுக்கும் அந்தக் கரகரப்பான மூச்சு அதில் இல்லை. அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. "பரவால்ல, இருக்கட்டும். இன்னொரு வாட்டி போடுப்பா" என்றார். இப்போது தினமும் விளக்கேற்றியதும் அவருடைய அறையில் அதுதான் பாடுகிறது. நீ நிஜமாகப் பாடிய ஒன்பதையும் அவர் கேட்பதில்லை. அவற்றில் நீ அவருக்குக் கிடைத்துவிட்டாயாம். இதில்தான் தேட வேண்டியிருக்கிறதாம்.

பாட்டுகளில் நீ வாழ்கிறாய் என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்பது பாட்டுகளில் நீ வேலை முடித்துவிட்டுப் போனவன். பத்தாவதில் செத்துப்போனவன்.

இன்னும் மோசமான ஒன்றைச் சொல்கிறேன். நானும் அந்த அறை வாசலில் நிற்கத் தொடங்கிவிட்டேன். போன வாரம் வேலைக்குப் போகும் வழியில் ஒரு வரியை முணுமுணுத்தேன். அது உன் வரியா, நான் எழுதியதா என்று சட்டென்று தெரியவில்லை. காரை ஓரங்கட்டி, உன் நிஜக் குரலை மனதுக்குள் வரவழைத்துப் பார்த்தேன். மூச்சில்லாத அந்தக் குரல்தான் முதலில் வந்தது. நீ ஒருமுறை போனாய். இப்போது என் காதிலிருந்தும் போய்க்கொண்டிருக்கிறாயா, குமரா?

வெள்ளிக்கிழமைக்கு எது போக வேண்டும் என்று டேவிட் கேட்டான். குரல் இல்லாதது என்றேன். "எல்லாரும் ஏதோ தப்பா ஏத்திட்டோம்னு நெனப்பாங்கக்கா." நினைக்கட்டும். நீ சேரவேண்டிய இடத்தில் யாரும் சேர மாட்டார்கள். மற்றதை அம்மாவிடமிருந்து பிடுங்க எனக்கு மனமில்லை. அவர் இருக்கும்வரை அது அந்த அறைக்குள் பாடட்டும்.

அவருக்குப் பிறகு அதை நானே அழிப்பேன். அழிக்கும்போது அது உன் குரலில்தான் பாடிக்கொண்டிருக்கும், இன்னும் ஒரு நாள் இருக்கட்டுமே என்று தோன்றும். அதனால்தான் இதை ஊரறிய எழுதுகிறேன். அழித்தாயா என்று யாராவது ஒருவர் என்னைக் கேட்கட்டும்.

அம்மாவுக்கு இப்போது ஒரே பிள்ளையாகிவிட்ட
உன் அக்கா மாலதி