உங்கள் பெயர் பொறித்த மேடையை எடுத்துவிட்டோம்

அன்புள்ள மச்சானுக்கு,

நம் வளப்பூர் நாட்டு மலையில் சித்திரை மழை இரண்டு தடவை பெய்துவிட்டது. அக்கா சுகமாக இருக்கிறாள். உங்கள் பலாமரத்தில் மிளகுக்கொடி உச்சிவரை ஏறிவிட்டது. மாசியில் நான்தான் ஏணி போட்டு ஏறி, உங்களைத் திட்டிக்கொண்டே பறித்தேன்.

நகரசபையின் மர ஆலோசனைக் குழுவில் நீங்கள் இருந்த இடத்தில் இப்போது என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். டவுனில் ஒரு மரத்தை வெட்டவோ, கிளை கழிக்கவோ, புதிதாக நடவோ வேண்டுமென்றால் சபை முதலில் எங்களைக் கேட்கிறது. முடிவு அவர்களுடையது, யோசனை எங்களுடையது. சந்தைக்கு இறங்கும் மலைக்காரர் சார்பில் ஒருவர் வேண்டும் என்று நீங்கள் சண்டை போட்டு வாங்கிய இடமல்லவா? நீங்கள் போட்ட வழக்கத்தையும் விடவில்லை. எந்த மரத்தைப் பற்றிப் பேசினாலும் அந்த மரத்தடியில் நின்றுதான் பேசுகிறோம். குழுத் தலைவரான வக்கீல் நிழலில் நின்றாலும் இன்னும் குடையை மடக்குவதில்லை.

சந்தை வீதிப் புங்கமரம் நினைவிருக்கிறதா? பஸ் திரும்ப இடைஞ்சல் என்று வெட்டப் பார்த்தார்களே, ஒரு கிளையைக் கழித்தால் போதும் என்று நீங்கள் காப்பாற்றிய மரம். நீங்கள் போன பிறகு அதன் கீழே உங்கள் நினைவாக ஒரு மேடை கட்டினோம். மலையில் செய்வதுபோலவே செய்தோம். சரிவில் மழை மண்ணை அரித்து வேரை வெளியே காட்டிவிடும் என்று அடிமரத்தைச் சுற்றிக் கல் அடுக்கி மண் அணைப்போமே, அப்படி. டவுன் தரை சமதரை என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாசத்தில் இடுப்பளவு மண்ணைக் கொட்டி, மேலே கல் பரப்பி, முகப்பில் உங்கள் பெயர்க் கல்லை வைத்தோம்.

இந்தப் பங்குனியில் ஊரிலிருந்த புங்கமரமெல்லாம் துளிர்த்தது. அது மட்டும் மொட்டையாக நின்றது. குழுவோடு போய் மேடையின் ஒரு மூலையைத் தோண்டிப் பார்த்தோம். புதைந்த பட்டை கறுத்து ஊறிப்போய், தொட்டாலே உரிந்தது. நல்லது செய்கிறோம் என்று மரத்தின் மூச்சை அடைத்திருக்கிறோம். நீங்கள் இருந்திருந்தால் எங்களை என்ன பேச்சு பேசியிருப்பீர்கள்?

மேடையை எடுத்தால் மரம் பிழைக்கலாம். ஆனால் அக்கா சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் அந்த மேடையில் ஒரு பூ வைத்துவிட்டுத்தான் கூடையை இறக்குவாள். உங்கள் பெயர் இருந்த ஒரே இடம் அது.

"மலைக்காரங்க மனசு நோகுமுங்க. மரம் போனாப் போகட்டும், வேற ஒண்ணு நட்டுக்கலாம்" என்றார் தலைவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன்.

அன்று சந்தை நாள். அக்கா மிளகுக் கூடையோடு எங்கள் பின்னாலேயே நின்றிருந்தாள்.

"ஏனுங்க, எம்பட ஊட்டுக்காரரு மரத்துக்காகப் பேசினாருங்களா, கல்லுக்காகப் பேசினாருங்களா?"

"மரத்துக்குத்தானுங்க" என்றார் தலைவர்.

"அப்பறம் என்னத்துக்குங்க ரோசனை? கல்லை எடுங்க. மலையில அதுக்கு வேலை இருக்குது."

எடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னோம், சபையும் சரி என்றது. மண்ணை அள்ளி அடிமரத்தைக் காற்றுப்பட விட்டிருக்கிறார்கள். கீழ்க்கிளையில் கொஞ்சம் துளிர் தெரிகிறது. பிழைத்துவிடுமா?

உங்கள் பெயர்க் கல்லை நான்தான் தலையில் வைத்து மலையேறினேன். உயிரோடிருந்தபோது உங்களைச் சுமந்தது போதாதா? அக்கா வெறுங்கூடையோடு முன்னால் நடந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் உங்கள் பெயரை வாய்விட்டுச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. நம் பெண்களில் யார்தான் புருஷன் பெயரைச் சொல்கிறார்கள்? வழுக்குப் பாறை வந்ததும் திரும்பி நின்றாள்.

"பாத்து வா சாமி. செங்கோடனைக் கீழ போட்றாதே."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்புறம் அழுதாள். கல்லை இறக்க முடியாமல் நானும் நின்றபடியே அழுதேன்.

இப்போது அந்தக் கல் உங்கள் பலாமரத்தடிச் சரிவில் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. புங்கமரத்தடியில் இனி யாரையும் ஒரு கல்கூட வைக்க விடமாட்டேன். அது பழையபடி நிழல் தரும்வரை சந்தைக்குச் சந்தை போய் நின்று பார்ப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு, மச்சான்.

உங்களைக் கீழே போடாமல் ஊடு கொண்டுவந்து சேர்த்த மச்சினன்,
சடையன்