முகமுள்ள ஓநாயும் முகமில்லாத காளானும்

பட்டாபிராம்
19.10.1988

அன்புள்ள அத்தானுக்கு அருள்செல்வி எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அத்தையும் நலம். லடாக் குளிரில் உங்களையும் அவரே போர்த்திக் காக்கவேண்டும்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். ராணுவ முகாமுக்கு வெளியே காவல் நின்றபோது நாற்பதடி தூரத்தில் ஓநாய் வந்து நின்றதையும், நீங்கள் துப்பாக்கியைத் தூக்காமல் இருந்ததையும், அது உங்களை நேருக்கு நேர் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்ததையும் படித்து உடம்பு சிலிர்த்தது. பக்கத்து வீட்டுப் பூங்காவனம் அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். "இன்னா அருளு, ஓநாயி மருவாத குடுத்துட்டுப் போய்க்கீது!" என்று வாயில் கை வைத்துக்கொண்டார்.

இங்கேயும் ஒன்று நடந்தது. சர்ச் வளாகத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில்தானே என் பாலர் பள்ளி நடக்கிறது. மழை விட்டதும் மரத்தின் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தது. மேலே அரக்கு பூசியதுபோல் பளபளப்பு, ஓரம் மட்டும் வெள்ளை. எவ்வளவு அழகு என்று பிள்ளைகளுக்குக் கூடக் காட்டினேன். அந்தப் பக்கம் வந்த விறகு வெட்டும் அப்பாவு கோடரியின் பின்புறத்தால் மரத்தைத் தட்டினார். காலித் தகரம்போலச் சத்தம். "மேல பச்சையா கீது டீச்சரம்மா, உள்ள ஒண்ணும் இல்ல. இந்தக் காளான் பல வருசமா தின்னுகினு கீது. புள்ளைங்கள நவுத்து" என்றார்.

ஒரு இலைகூடப் பழுக்கவில்லை, நான் எப்படி நம்புவேன்? ஆனாலும் இருபத்திரண்டு பிள்ளைகளையும் சர்ச் தாழ்வாரத்துக்கு மாற்றினேன். புழுக்கம் என்று தாய்மார்கள் சலித்துக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் காலை பதினோரு மணி, காற்றே இல்லை. பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தபோது மரம் சாய்ந்தது. தரை அதிர்ந்தது. அவர்கள் முன்பு உட்கார்ந்திருந்த இடம் முழுக்கக் கிளை.

அழுது முடித்தபின் முறிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். ரொட்டிபோலப் பிய்ந்து வந்தது. உள்ளே காளானின் வேர்போல நூல் நூலாக வெள்ளை ஓடியிருந்தது. அத்தனை பெரிய மரத்தைத் தின்றது இந்த நூலா! பல்லில்லை, கண்ணில்லை, ஓசையில்லை. ஓநாய்க்கு முகமாவது உண்டு. எதிரே வந்து நின்றது, நீங்களும் பார்த்தீர்கள். இதுவோ நம் நிழலுக்குள்ளேயே இருந்திருக்கிறது. இரண்டுக்கும் பசிதான், பகையில்லை. இரண்டையும் படைத்தவர் ஒருவரேதான்.

அத்தான், கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில், இரண்டு மாதமாக இருமல், கொஞ்சம் இளைத்திருக்கிறேன், மற்றபடி ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் அத்தைக்கு நான் படிக்கவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே டாக்டரிடம் போங்கள். நெஞ்சைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னாலும் அப்படியே எனக்கு எழுதுங்கள்.

உங்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஆண்டவர் காவலிருப்பாராக.

உங்கள்
அருள்செல்வி