சிவப்புத் துணி கட்டிய கம்புகள்

நெடுமணல்
9.2.2025, ஞாயிறு

அன்புள்ள குசுமாவுக்கு,

இங்கு நான் நலம். நீயும் கீர்த்தனாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் என் குரலைவிடக் காற்றுதான் ஜாஸ்தி கேட்கிறது என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். தாளில் மணல் இருக்கும், உதறிவிட்டுப் படி.

டிராக்டர் ஷோரூமை மூடிய பிறகு கிடைத்த வேலை, குறை சொல்லக் கூடாது என்றுதான் மூன்று மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. கடற்கரை மணல்மேட்டைக் குத்தகைக்கு எடுத்து, ஜீப்பும் நாலு சக்கர மோட்டார் வண்டியும் ஓட்ட ஆட்களை விடுகிறோம். அதற்கு நான் மேலாளர். தெற்கு மேட்டில் மட்டும்தான் ஓட்டலாம். டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். மேட்டுக்கு அந்தப் பக்கம் வருகிறவனுக்குத் தெரியும்படி வண்டியில் உயரமாக ஒரு கொடி கட்ட வேண்டும். மணலைப் பிடித்து வைத்திருப்பதே அடும்புச் செடிதான், அது படர்ந்த இடத்தில் ஏறக் கூடாது. கடலோரம் ஆமை முட்டையிடும் காலம், கயிற்றைத் தாண்டவே கூடாது. எல்லாம் போர்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்று ஒருவன் அந்தப் போர்டின் முனையில் வைத்து பீர் பாட்டிலைத் திறந்தான். இன்னொருவன் அதன் மேலேயே ஒன்றுக்குப் போனான், கூட வந்தவர்கள் படம் பிடித்தார்கள். நன்றாகப் படித்த பிள்ளைகள், குசுமா. பார்க்கவே குமட்டுகிறது.

ஆமைகள் வரத் தொடங்கிவிட்டன. பக்கத்துக் குப்பத்து ஆராயி இங்கே வண்டி கழுவும் வேலை செய்கிறாள். விடியற்காலையில் அவளும் நானும் ஆமை ஊர்ந்த தடத்தைப் பார்த்து முட்டைக்குழிகளைக் கண்டுபிடிக்கிறோம். இதுவரை பதினொன்று. ஒவ்வொன்றைச் சுற்றியும் நான்கு கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். இந்த வேலையில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

வண்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. இருட்டிய பிறகு சாப்பிடக் கூடாது என்ற நம் நியமத்தால் பல நாள் சாப்பாடு இல்லாமலே படுக்கிறேன். நீங்கள் இருவரும் மே மாதம் இங்கே வந்துவிட்டால் சரியாகிவிடும்.

அன்புடன்,
ஜினதாசன்

---

திருவண்ணாமலை
16.2.2025

கீர்த்தனாவின் அப்பாவுக்கு வணக்கம்.

நாங்கள் நலம். பொழுது சாய்ந்தால் சாப்பிடுவதில்லை என்பது சரி, அதற்கு முன்னால் நாலு மணிக்கே இரண்டு இட்லியை விழுங்கிக்கொள்ளக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே? இதையும் நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கலியாணம் ஆகிப் பதினைந்து வருடத்தில் நீங்கள் இவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. சந்தோஷமாக இருந்தது. அசிங்கத்தைப் பார்த்தால் அருவருப்பு வர வேண்டும், அது வராதவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

இங்கே தைப்பூசமும் பௌர்ணமியும் சேர்ந்து வந்ததில் எங்கள் கெஸ்ட் ஹவுஸில் ஒரு அறை கூட மிச்சமில்லை. மறுநாள் காலை செங்கம் ரோட்டில் பாக்குமட்டைத் தட்டும் தண்ணீர் பாட்டிலும் கணுக்கால் அளவு கிடந்தன. மலையைச் சுற்றிப் புண்ணியம் தேடியவர்கள் விட்டுப்போனது. மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் வாசலை நானே பெருக்கினேன்.

முதலாளியம்மா அருணாதேவியிடம் ஏப்ரல் மாதத்தோடு வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டேன். கீர்த்தனா பள்ளியில் மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. ஆமைக்குஞ்சு கடலுக்குப் போவதைப் பார்க்க வேண்டுமாம் அவளுக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குசுமா

---

நெடுமணல்
4.3.2025

அன்புள்ள குசுமாவுக்கு,

இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு கூட்டம் கயிற்றை அறுத்துக்கொண்டு கடலோரம் இறங்கியது. நான் நட்ட கம்புகளைப் பந்தயத்துக்கு நட்ட கம்புகள் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு கம்புக்கு இந்தப் பக்கம், அடுத்த கம்புக்கு அந்தப் பக்கம் என்று வளைந்து வளைந்து ஓட்டியிருக்கிறார்கள். யார் கம்பை இடிக்காமல் போவது என்று போட்டி. நான் போய்ச் சேர்வதற்குள் நான்கு குழிகள் போய்விட்டன. காப்பாற்ற நட்டதே காட்டிக் கொடுத்துவிட்டது.

வண்டி கழுவும் இடத்தில் ஒருவன் வந்து, "என்னா சார், டயர்லாம் இப்டி நாறுது? வாடகைய கம்மி பண்ணுங்க" என்றான். டயர் இடுக்கெல்லாம் மஞ்சள் கருவும் மணலும் ஒட்டியிருந்தன. முட்டைத்தோல் துண்டு துண்டாகத் தொங்கியது. ஆராயி குழாயைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "இத நான் கழுவ மாட்டேன் சார்" என்றாள். நான்தான் கழுவினேன். கையில் அந்த வாடை இன்னும் இருக்கிறது.

மறுநாள் அவளும் நானும் உட்கார்ந்து எண்ணினோம். நான்கு குழிகளிலும் சேர்த்து நானூற்றுப் பதினெட்டு. பாதிக்கு மேல் உள்ளே உருவம் வந்திருந்தது.

தினசரி நோட்டில் எழுதப் போனபோது முதலாளி போன் செய்தார். சமணர் என்றால் அவருக்கு எல்லாரும் நயினார்தான். "நயினார், அதெல்லாம் நோட்ல ஏத்தாதீங்க. சீசன் முடியட்டும்" என்றார். அன்றைய பக்கத்தை இன்னும் காலியாகத்தான் வைத்திருக்கிறேன்.

ஜினதாசன்

---

திருவண்ணாமலை
9.3.2025

கீர்த்தனாவின் அப்பாவுக்கு,

படித்துவிட்டு அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கீர்த்தனாவிடம் சொல்லவில்லை.

கம்பு நட்டது உங்கள் தப்பு இல்லை. இப்படியும் மனிதர்கள் இருப்பார்கள் என்று எந்த யோக்கியனுக்கும் தோன்றாது. ஆனால் ஒன்று கேட்கிறேன், ஒரே வரியில் பதில் எழுதுங்கள். அந்தப் பக்கத்தை எழுதிவிட்டீர்களா?

குசுமா

---

நெடுமணல்
25.3.2025

அன்புள்ள குசுமாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே வேலை ஜாஸ்தி.

நல்ல செய்தி ஒன்று. வடக்கு மேட்டிலும் வண்டி விட முதலாளி அனுமதி கேட்டிருக்கிறார். அதற்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் ஏப்ரல் 17-ஆம் தேதி. அனுமதி கிடைத்தால் இரண்டு மேட்டுக்கும் நான்தான் மேலாளர். சமையலறையோடு தனி வீடு தருகிறார்கள், கிணற்றுத் தண்ணீரும் உப்பில்லை.

கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்கிறார். போன வாரம் அதிகாரிகள் வந்தபோது என் தோளில் கை போட்டு, "நம்ம மேனேஜர் நயினாருங்க. எறும்பக்கூட மிதிக்க மாட்டாரு. இவர் பாத்துக்கற எடத்துல ஆமைக்கு என்னா ஆயிடப் போவுது?" என்றார். அவர்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள்.

உன் தமிழ் நன்றாக இருக்கும். இரண்டு பக்கத்துக்குப் பேச்சு எழுதி அனுப்பு. நம் சமயத்தில் உயிருக்குத் தரும் மதிப்பு பற்றி ஆரம்பத்தில் நாலு வரி வரட்டும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அந்தப் பக்கத்தில் "சேதம் ஏதும் இல்லை" என்று எழுதிவிட்டேன். எழுதாமல் எத்தனை நாள் வைத்திருப்பது? எழுதினால் மட்டும் செத்தது பிழைக்குமா? நீயும்தான் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அறையை நிரப்பிவிட்டுக் குப்பையைத் திட்டுகிறாய். பிழைப்பு என்றால் அப்படித்தான்.

அன்புடன்,
ஜினதாசன்

---

திருவண்ணாமலை
30.3.2025

கீர்த்தனாவின் அப்பாவுக்கு,

என் பிழைப்பைப் பற்றிச் சொன்னது சரிதான், உறைத்தது. ஆனால் நான் குப்பையைப் பெருக்கிவிட்டுக் குப்பையே இல்லை என்று எழுதிக் கொடுத்ததில்லை.

போர்டின் மேல் ஒன்றுக்குப் போனவனைப் பார்த்து உங்களுக்குக் குமட்டியது. உங்கள் கடிதத்தைப் படித்து எனக்குக் குமட்டியது. அவன் போர்டின் மேல்தான் போனான். நீங்கள் பொழுது சாய்ந்தால் பட்டினி கிடக்கும் நம் வீட்டு நியமத்தையே கொண்டுபோய் உங்கள் முதலாளி காலடியில் வைத்துவிட்டு, அதற்கு நாலு வரி என்னை எழுதச் சொல்கிறீர்கள். வெட்கமாக இல்லையா? டயரைக் கழுவிய கை அல்லவா அது?

பேச்சு எழுத மாட்டேன். வேறொன்று செய்திருக்கிறேன், ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தக் கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் தபாலில் கருத்து அனுப்பலாம் என்று பேப்பரில் அறிவிப்பு வந்திருந்தது. நீங்கள் பிப்ரவரி 9-லும் மார்ச் 4-லும் எனக்கு எழுதிய கடிதங்களை நகல் எடுத்து, எழுதியவர் என் கணவர் என்று குறிப்பிட்டு, நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

உங்களை அவமானப்படுத்த அனுப்பவில்லை. நீங்களாக எழுந்து சொல்ல மாட்டீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் நேருக்கு நேர் ஒருவர் கேட்டால் உங்களுக்குப் பொய் வராது. ஷோரூமில் கூட, இன்ஜின் பழசா என்று கேட்டவனிடம் ஆமாம் என்று சொல்லித்தானே திட்டு வாங்கினீர்கள்? அந்த நம்பிக்கையில்தான் அனுப்பினேன். அவர்கள் கேட்பார்கள். ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும், வேறு வேலை தேடிக்கொள்ளலாம். நான் சம்பாதிக்கிறேன்.

ஏப்ரல் பத்தாம் தேதி மகாவீர் ஜெயந்தி. கீர்த்தனா உங்களை எதிர்பார்ப்பாள்.

குசுமா

---

நெடுமணல்
18.4.2025

குசுமா,

ஜெயந்திக்கு வராதது உன்னைப் பார்க்கப் பிடிக்காமல்தான்.

நேற்றுக் கூட்டம் நடந்தது. மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். நான் பேசி முடித்ததும் கூட்டத்தை நடத்திய அம்மா அதிகாரி நீ அனுப்பிய நகல்களை எடுத்துக் காட்டி, "இது உங்க கையெழுத்துதானுங்களா?" என்று கேட்டார். முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லைங்க என்றேன். பின்னே யார் எழுதினது என்றார். எனக்கும் என் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை, என் மேல் கோபத்தில் அவளே எழுதியிருப்பாள் என்றேன். மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள்.

பின்வரிசையிலிருந்து ஆராயி எழுந்தாள். "இன்னா சார் இப்டி சொல்ற? நீயும் நானுந்தான கூட உக்காந்து எண்ணினோம்?" என்றாள். வேலையிலிருந்து நிறுத்தப் போகிறோம் என்பதால் பேசுகிறாள் என்று முதலாளி சொன்னார். இன்று அவளை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு நாற்பத்தாறு வயது. இந்த வயதில் எவன் வேலை தருவான்? நீ சம்பாதித்து நான் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமா? என்னை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது நீதான். கேட்காமல் விட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருக்கவே மாட்டேன்.

நடந்தது நடந்துவிட்டது, நான் மறந்துவிடுகிறேன். அசல் கடிதங்கள் உன்னிடம் இருக்கின்றன. யார் கையிலும் சிக்காமல் அடுப்பில் போட்டுவிடு. வீட்டுச் சாவி வாங்கிவிட்டேன். மே முதல் வாரம் லாரி பேசி அனுப்புகிறேன், சாமான்களைக் கட்டி வை.

ஜினதாசன்

---

திருவண்ணாமலை
24.4.2025

திரு. ஜினதாசன் அவர்களுக்கு,

லாரி அனுப்ப வேண்டாம். மாற்றுச் சான்றிதழ் வேண்டாம் என்று பள்ளியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அருணாதேவி அம்மாவிடம் வேலையைத் தொடர்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஆராயியின் விலாசம் தேடி இன்று காலை ஒரு கடிதம் போட்டேன். உங்களுக்காக மன்னிப்புக் கேட்டு அல்ல. இங்கே துணி வெளுக்க ஒரு ஆள் வேண்டும், வர முடியுமா என்று கேட்டு.

முந்நூறு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தது பெரிதில்லை. டயரில் தொங்கிய முட்டைத்தோலை எழுதியவர் ஒருவர் இருந்தார், பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டுத் தவித்தவர். அவரோடு இருக்கத்தான் இந்த ஊரை விட்டு வரத் துணிந்தேன். அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று நீங்களே சபையில் சொல்லிவிட்டீர்கள். இனி அங்கே நான் யாரிடம் வருவது?

கடிதங்களை அடுப்பில் போடவில்லை. நேற்றுக் கீர்த்தனாவிடம் கொடுத்தேன். கூடத்தில் உட்கார்ந்து மெதுவாகப் படித்தாள். முட்டை எண்ணிய இடம் வந்ததும் அழுதாள். பிறகு தாளை என்னிடம் நீட்டி, "அம்மா, இது அப்பா எழுதினதுதானே?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

இல்லை என்று சொல்ல வேண்டுமானால் பஸ் ஏறி வந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். வேறு எதற்கும் வர வேண்டாம்.

குசுமாவதி