நசுங்காத நான்கு எலுமிச்சம்பழங்கள்

பாவா,

என் வலதுகால் செருப்பின் அடியில் எலுமிச்சம்பழத் தோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று காலை திருத்தணி மலைமேல் உன் மகள் சுமதியின் புதுக் காருக்குப் பூஜை போட்டார்கள். சக்கரத்தில் நசுங்கிய பழத்தின் தோல்தான் இது. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்து உட்கார்ந்தேன். ஆனாலும் அந்த வாசம் விடவில்லை, கூடவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. பேசாமல் பேனாவை எடுத்துவிட்டேன். நாற்பது வருஷத்துக்கு மேலாக எழுத வேண்டிய கடிதம் இது.

சுமதியை நீ கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு மூன்று வயது. உன் லாரி ஹாரனை அமுக்க விடவில்லை என்று தெருவில் புரண்டு அழுவாள். இப்போது அரக்கோணத்தில் பாங்கில் வேலை. காதோரம் நரைகூட வந்துவிட்டது. பூஜை முடிந்து குருக்கள் நான்கு சக்கரத்துக்கும் முன்னால் பழம் வைத்துவிட்டு நகர்ந்ததும், சாவியை என் கையில் திணித்தாள்.

"மாமா, நீங்கதான் மொதல்ல எடுக்கணும். வூட்டுக்குப் பெரியவரு நீங்கதான்."

"எனக்கு வேணாம்மா. நீயே எடு."

அவள் சிரித்தாள். "இன்னா மாமா பயமா? எங்கப்பா மாதிரி செவுத்துல கொண்டுபோயி மோதாம இருந்தா போதும்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த என் அக்காவும், உன் பெண்டாட்டிதான், லேசாகச் சிரித்தாள். நான் சாவியோடு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

அந்தக் காரை நீ மோதவில்லை பாவா. அது உனக்கும் எனக்கும் தெரியும். அன்றைக்கு மலையில் நின்ற நூறு பேருக்கும் தெரியும். உன் பெண்டாட்டிக்கும் உன் பெண்ணுக்கும் மட்டும் தெரியாது.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஆவணி மாதம். நீ என் அக்காவைக் கட்டி ஒன்றரை வருஷம். மெட்ராஸில் ஒரு பெரிய முதலாளியிடம் டிரைவராக இருந்தாய். நான் பொதட்டூர்பேட்டையில் லுங்கி மூட்டை ஏற்றும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். உன்னிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'முதலாளி கப்பலில் புது வண்டி இறக்கியிருக்கிறார். ரெண்டே சீட்டு. ரேஸுக்குப் போகிற ஜாதி. வெள்ளிக்கிழமை பூஜைக்கு மலைக்குக் கொண்டுவருகிறேன். விடிகாலை கனகம்மாசத்திரத்தில் நில்.' அவ்வளவுதான் எழுதியிருந்தாய். அக்காவைப் பற்றி ஒரு விசாரிப்பு இல்லை. அவள் மாசமாக இருந்தாள். கார்டைப் படித்துவிட்டு, "உங்க பாவாவுக்கு வண்டிதாண்டா பொண்டாட்டி" என்று முணுமுணுத்தாள்.

பச்சை மாங்காய் நிறத்தில் அந்த வண்டி சத்திரத்து டீக்கடை முன்னால் வந்து நின்றபோது, டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கிளாஸைக் கவிழ்த்துவிட்டார். முதலாளி வீட்டார் பெரிய காரில் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். உனக்கு ஒரு மணி நேரம் கையில் இருந்தது. நீ இறங்கி, சுற்றி வந்து, இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாய்.

"இன்னாடா ரத்னம் பாத்துகினே கீற? ஏறு. நீ ஓட்டு."

"ஐயோ பாவா, வாணாம். மொதலாளிக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா பாத்துக்கலாம். ஒண்ணு மட்டும் கேட்டுக்க. இதுல ஃபஸ்ட்டு கியரு கீழ. உன் வேன்ல ஃபஸ்ட்டு இருக்கற எடத்துல இதுல ரிவர்ஸு. மறந்துடாத."

ஆங் ஆங் என்று தலையை ஆட்டினேன். எங்கே காதில் விழுந்தது. முதல் கியரை நீதான் போட்டாய். அதற்கப்புறம் மலையடிவாரம் வரை நான் எங்கும் நிறுத்தவே இல்லை. அந்த ஓட்டத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அடிவாரத்தில் நீ ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு மேலே ஏற்றினாய். முதலாளி வீட்டார் வேண்டுதலுக்காகப் படி ஏறி வந்தார்கள். அர்ச்சனை முடிந்து, பூஜை போட்டு, பழமும் வைத்தாகிவிட்டது. அப்போதுதான் முதலாளியின் அம்மா வாயைத் திறந்தார். கிருத்திகை நட்சத்திரக்காரர் கையால்தான் வண்டி முதலில் நகர வேண்டும் என்று ஜோசியர் சொல்லியிருந்தாராம். முதலாளி ரோகிணி. நீ சுவாதி. வந்தவர்களில் கிருத்திகை யாரும் இல்லை. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நீ சட்டென்று என் தோளில் கை போட்டாய்.

"நம்ம மச்சான் கிருத்திகைதாம்மா. நல்லா வண்டி ஓட்டுவான்."

என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாய். நான் பரணி. அது உனக்குத் தெரியும். காலையில் ஊருக்குத் தெரியாமல் ஓட்டிய வண்டியை, உன் மச்சான் ஒருமுறை ஊர் பார்க்க ஓட்ட வேண்டும் என்று உனக்கு ஆசை. அந்த ஆசைக்காக முருகன் வாசலில் நின்று ஒரு பொய் சொன்னாய். அதைத் தவிர நீ செய்த தப்பு வேறு ஒன்றும் இல்லை.

நான் ஏறி உட்கார்ந்தேன். தேங்காய், கற்பூரம், கூட்டம். எல்லோர் கண்ணும் என்மேல். ஆறு வருஷமாக வேன் ஓட்டிய கை, நேராக மேலே போனது. கியர் விழவில்லை. புது வண்டி, அதான் இறுக்கம் என்று நினைத்து அழுத்தித் தள்ளினேன். விழுந்தது. கிளட்ச்சை விட்டேன்.

வண்டி முன்னால் போகவில்லை பாவா. பின்னால் பாய்ந்தது. பிரேக்கைத் தேடுவதற்குள் கற்சுவரில் போய் இடித்தது. பின்விளக்கு உடைந்து, தகடு உள்வாங்கிவிட்டது. இறங்கிக் குனிந்து பார்த்தேன். முன்னால் இரண்டும் வண்டிக்கடியில் இரண்டுமாக நான்கு எலுமிச்சம்பழமும், வைத்தது வைத்தபடி, முழுசாக உட்கார்ந்திருந்தன.

அந்த அம்மா அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. இறங்கி நின்ற என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"சாமி முன்னால சொல்லு. நீ நெஜமா கிருத்திகைதானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. குறைந்தபட்சம் வாயை மூடிக்கொண்டாவது நின்றிருக்கலாம். என் நாக்கு அழுகிப் போயிருக்கக் கூடாதா?

"இல்லம்மா, பரணி. நான் சொல்லலம்மா. பாவாதான் சொன்னாரு."

பாவாதான் சொன்னாரு. இந்த இரண்டு வார்த்தையைத்தான் பாவா நான் இத்தனை வருஷமாகத் தின்றுகொண்டிருக்கிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. வண்டியை இடித்தவன் நான். ஆனால் குற்றத்தைத் தூக்கி உன் தலையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

முதலாளி சத்தம் போடவில்லை. "வண்டி போனாப் போகட்டும். சரிபண்ணிக்கலாம். சாமிகிட்டயே பொய் சொல்றவனை நான் எப்படி வச்சுக்கறது? சாவியைக் குடு" என்றார். நீ சட்டைப்பையிலிருந்து மற்றச் சாவிகளையும் எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தாய். பிறகு குனிந்து அந்த நான்கு பழத்தையும் பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டாய்.

"சாமி பழம்டா. சக்கரம்கூடப் படல. உங்க அக்காவுக்கு இப்போ புளிப்புன்னா உசுரு."

பஸ்ஸில் வரும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். நீ என் தொடையில் தட்டினாய். "வுடுடா. வூட்ல நான்தான் மோதிட்டேன்னு சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்காத. அப்புறம் உங்க அக்கா ஒனக்கு ஒரு வாய் சோறு போட மாட்டா." சொன்னபடியே சொன்னாய். அக்கா உன்னைத் திட்டிக்கொண்டே அந்தப் பழத்தை உப்பு தொட்டுச் சாப்பிட்டாள். நான் தூணில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னதுபோலவே வாயைத் திறக்கவில்லை. நல்ல பிள்ளை நான்.

நற்சான்று இல்லாத டிரைவருக்கு மெட்ராஸில் யார் வேலை கொடுப்பார்கள்? கருங்கல் ஏற்றும் லாரிக்குப் போனாய். நகரி, புத்தூர் என்று ஆந்திரா பக்கமே ஓட்டம். வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவாய், தலையெல்லாம் கல்தூள். வரும்போதெல்லாம் என்னைப் பிடித்து உட்காரவைத்து ஒரே கேள்விதான்.

"டேய், அன்னைக்கு நீ ஓட்டினியே, அந்த வண்டி எப்பிடிடா இருந்துச்சி? எனக்கு மெட்ராஸ் டிராபிக்குல ஊர்ந்து, அப்புறம் இருட்டுல பயந்துகினே வந்து ஒண்ணுமே தெரியல. நீதான் வெறும் ரோட்ல வுட்ட. சொல்லுடா."

"ஞாபகம் இல்ல பாவா" என்பேன். எழுந்து போய்விடுவேன். அந்த வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று பயம். என்னிடம் கோபத்தையா கேட்டாய், மன்னிப்பையா கேட்டாய்? ஒரு காரைப் பற்றி நாலு வார்த்தை கேட்டாய். அதைக்கூடக் கொடுக்காத கஞ்சன் நான். மூன்றரை வருஷம் கழித்து, பட்டப்பகலில், புத்தூர் தாண்டி ஒரு வளைவில் உன் லாரி கல்லோடு சாய்ந்தது. உன்னை எடுத்துவரப் போனவன் நான்தான். என் வேனில்தான் கொண்டுவந்தேன்.

இன்று காலை சுமதி சிரித்தாளே, அதற்கப்புறம் என்னால் முடியவில்லை. பழத்தின் மேல் வண்டியை ஏற்றி இறக்கிவிட்டு, ஓரமாக நிறுத்தி, அவளை முன்சீட்டில் உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கிருத்திகை, பரணி, ரிவர்ஸ், பாவாதான் சொன்னாரு. ஒன்றையும் விடவில்லை.

"உங்கப்பா மோதலம்மா. நான்தான் மோதினேன். வேலை போனதும் என்னாலதான். லாரிக்குப் போனதும் என்னாலதான்."

பின்சீட்டிலிருந்து அக்கா குரல் வந்தது. சத்தமே இல்லாத குரல்.

"எத்தினி சண்டை போட்டிருப்பேன் தெரியுமாடா அவருகிட்ட? நல்ல வேலைய ஒடைச்சிகினு வந்தியேன்னு சாகறவரைக்கும் திட்டினேனே. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல அந்த மனுசன். இப்ப வந்து சொல்றியேடா. இப்ப நான் யாருகிட்ட போயி வருத்தப்படுவேன்?"

சுமதி கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க மாமா."

கொடுத்தேன். அவர்கள் காரில் இறங்கிப் போனார்கள். என்னை ஏறச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படி வழியாக இறங்கினேன். முட்டி வலிக்கு நடுநடுவே உட்கார்ந்து உட்கார்ந்து, உனக்குச் சொல்ல வேண்டியதை ஞாபகப்படுத்திக்கொண்டே வந்தேன். நீ கேட்டாயே பாவா, வண்டி எப்படி இருந்தது என்று. இப்போது கேள்.

தரையில் பாய் போட்டுக் கால் நீட்டி உட்கார்ந்ததுபோல இருந்தது. எதிரே வந்த மாட்டுவண்டியின் அச்சு என் கண்ணுக்கு நேராகப் போனது. கியர் கம்பி ஒரு சாண்கூட இல்லை. வேனில் தோளோடு இழுக்க வேண்டும். இதில் மணிக்கட்டு அசைந்தாலே போதும். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றியபோது 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம், பெட்டிப்பூட்டு விழுகிற சத்தம். கிளட்ச் மட்டும் கொஞ்சம் முரடு, தொடை நடுங்கியது. ஆக்ஸிலேட்டரைத் தொட்டேனோ இல்லையோ, முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. நான் நினைப்பதற்கு முன்னாலேயே வண்டி திரும்பியது. ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லும் கையில் தெரிந்தது. நான்காவதில் போட்டதும் இரைச்சல் இறங்கி, காற்று மட்டும் கேட்டது. வேர்க்கடலைக் கொல்லைகள் இரண்டு பக்கமும் பச்சையாக ஓடின. திருப்பதி பஸ்ஸை முந்தினேன். நீ டாஷ்போர்டைத் தட்டி, "போடுறா! போடுறா!" என்று கத்தினாய். ஐயோ, நன்றாக இருந்தது பாவா. அவ்வளவு நன்றாக இருந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு அரைமணி நேரம் பிறகு வரவே இல்லை.

ஆனால் எனக்குள் மிச்சமிருப்பது அந்த வேகம் இல்லை. கிளம்புவதற்கு முன்னால், கியரைப் பிடித்துக்கொண்டு விழித்த என் இடதுகையின் மேல் நீ உன் வலதுகையை வைத்து, "கீழடா" என்று மெதுவாக இழுத்தாயே, அந்தக் கைதான். சொரசொரப்பான, கனமான கை. இன்றுவரை எந்த வண்டியில் உட்கார்ந்தாலும், கியரில் கை வைத்ததும் அந்தக் கனத்துக்காகக் கொஞ்ச நேரம் காத்திருப்பேன்.

இன்று காலையும் காத்திருந்தேன். பின்னால் வரிசையில் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அதற்குமேல் முடியாமல், நானேதான் போட்டேன்.

உன் மச்சான்,
ரத்னம்