செம்பழுப்பின் முதுகும் உன் அப்பாவின் சேணமும்

துலாம்,

ஆடுகளை வடக்குச் சரிவுக்கு ஓட்டிப் போகிறேன். இருட்டுவதற்குள் வந்துவிடுவேன். உன்னை எழுப்ப மனம் வரவில்லை. ராத்திரிச் சண்டையைத் தொடரத் தெம்பும் இல்லை.

செம்பழுப்புக் குதிரையின் முதுகு வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டேன். மதியம் நீ கொடு. கம்பளியை உப்பு வெந்நீரில் முக்கிப் பிழிந்து முதுகில் போர்த்து. பிறகு கையில் பிடித்தபடி மேட்டில் மெதுவாக நடத்து. முதுகை நெளித்தால் நிறுத்திவிடு.

உன் அப்பா இன்று வருகிறார். சட்டியில் ஆட்டுக்கறி இருக்கிறது. புளித்த குதிரைப்பாலை முதலில் ஊற்று. அவர் செம்பழுப்பின் மேல்தான் ஏறப் பார்ப்பார். விடாதே. அவருக்காக என் சாம்பல் குதிரையைக் கட்டி வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால், "அவருதான் கண்மண் தெரியாம ஓட்டிக் கெடுத்துட்டாரு" என்று என் மேல் பழியைப் போட்டுவிடு. "அவனை இனிமே ஆட்டு மேல ஏத்தி விடு" என்பார். போன வருடமும் அதைத்தான் சொன்னார். பழகிவிட்டது. நம் கல்யாணத்துக்கென்று அவரே செதுக்கிய சேணம். வயதான காலத்தில் அதைக் குறை சொல்லி அவரை நோகடிக்க வேண்டாம்.

"எங்கப்பா செஞ்ச சேணம் குதிரையக் கடிக்குமா?" என்று ராத்திரி நீ கத்தினாய். நான் திரும்பிப் படுத்துவிட்டேன்.

சோய்ஜில்

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். அவர் வருமுன் அந்தச் சேணத்தைச் செம்பழுப்பின் முதுகில் சும்மா வைத்துப் பார். வயிற்று வாரை இறுக்காதே, பாவம். சேணத்துக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் உன் விரலை விட்டுப் பார். நுழையாது, அவ்வளவு அழுத்துகிறது. நீ ஒருத்தி தெரிந்துகொண்டால் எனக்குப் போதும்.